செம்புக் கம்பிக்குக் குரல்வளம் கிடையாது

பழைய ஞாபகங்களுக்கு இந்த முறை விடுமுறை. கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். யாரோடு என்றால், பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று போய் நின்றால் "கேபிளை மாத்துங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லும் கூட்டத்தோடு. பெருநகரத்தோடு இருந்த இந்த வியாதி இப்போது பாம்பன் பாலம் தாண்டி அக்காள்மடம் வரை வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒருவர், இதே தெருக்காரர், விசைப்படகில் முப்பது வருடம் என்ஜின் பார்த்தவர். சிங்கப்பூரில் இருக்கும் மகன் நல்ல ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கித் தந்திருக்கிறான். மனிதருக்கு டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் உயிர். பாட்டு மந்தமாக இருக்கிறது, வார்த்தை பிரியவில்லை என்று ஒரு கடையில் போய்ச் சொன்னார். கடை எந்த ஊர், யாருடையது என்பது நமக்கு வேண்டாம். மூன்று மீட்டர் ஸ்பீக்கர் கேபிள் ஒரு ஜோடி, பதினாலாயிரம் ரூபாய். பாம்புத் தோல் மாதிரி உறை, தங்க முலாம் பூசிய முனை, போகும் திசையைக் காட்ட அம்புக்குறி வேறு. ஒரு மாதம் ஓடினால்தான் கேபிள் "பழகும்" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மாதத்தில் கேபிள் பழகவில்லை, மனிதர்தான் பழகிக்கொண்டார். வார்த்தை இன்றும் பிரியவில்லை.

இதைப் படித்துவிட்டு, "நீர் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், உமக்கு மின்சாரத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு மீடியத்தில். பௌதிகம் எடுத்த முசியே மூன்று சொற்களை மண்டையில் அறைந்து வைத்தார்: ரெசிஸ்தான்ஸ், கப்பாசித்தே, அந்துக்தான்ஸ். தமிழில் மின்தடை, மின்தேக்குத் திறன், மின்தூண்டல். ஒரு கம்பி மின்சாரத்துக்குச் செய்யக்கூடியது இந்த மூன்றுக்குள் அடங்கும். ஜெர்மானியரான ஓம் கண்ட விதியைப் பிரான்சில் பூயே என்பவர் சோதனை செய்து உறுதிப்படுத்தினார் என்று அவர் பெருமையாகச் சொல்வார். அந்தக் கணக்கு இன்னும் மாறவில்லை. கம்பி நீளமானால் தடை கூடும், கனமானால் தடை குறையும். கூட்டல் வகுத்தல் தெரிந்த எந்தக் குமாஸ்தாவும் போட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்ப்போம். வீட்டு வயரிங்குக்கு எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஐந்து மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி, ஆக மொத்தம் பத்து மீட்டர். அதன் தடை சுமார் 0.13 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். ஆம்ப்ளிபயர் அனுப்பும் சக்தியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடக் கம்பியில் வீணாகாது. ஒலி அளவில் சொன்னால் ஒரு டெசிபலில் ஏழில் ஒரு பங்கு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு டெசிபல் ஏறி இறங்கினாலே பலர் கவனிப்பதில்லை. 

அடுத்தது மின்தூண்டல். அடுத்தடுத்து ஓடும் இரட்டை வயரில் ஐந்து மீட்டருக்கு இது ஏறத்தாழ 3 மைக்ரோஹென்றி. காதுக்கு எட்டும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸில்கூட இதன் எதிர்ப்பு 0.4 ஓமுக்குள்தான். அதுவும் தடையோடு நேராகக் கூடாது, செங்கோணத்தில்தான் கூடும். 8 ஓமுக்கு முன்னால் அது தூசு.

மூன்றாவது மின்தேக்குத் திறன். சி.டி. பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் மெல்லிய கேபிளில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மீட்டருக்கு 200. பிளேயரின் வெளியீட்டுத் தடை 1000 ஓம் என்று தாராளமாகவே வைப்போம். உச்ச ஒலிகள் தேயத் தொடங்கும் இடம் எட்டு லட்சம் ஹெர்ட்ஸ் பக்கம் வருகிறது. வௌவாலுக்குக்கூட அவ்வளவு தூரம் கேட்காது.

"ஆக்சிஜன் இல்லாத செம்பு" என்று ஒரு மந்திரம் சொல்வார்கள். உண்மையான பொருள்தான், தொழிற்சாலைகளில் அதற்கு வேலையும் உண்டு. ஆனால் சாதாரண மின்கம்பிச் செம்பைவிட அது மின்சாரத்தைக் கடத்துவதில் முந்துவது நூற்றுக்கு ஒன்று. வெள்ளி முந்துவது ஆறு, ஏழு. அந்த ஆறு ஏழு வேண்டுமென்றால் செம்பை அதே அளவு கனமாக வாங்கினால் போயிற்று. வெள்ளியை வீட்டுப் பெண்களின் காலுக்கு விட்டுவிடலாம்.

அம்புக்குறிக்கு வருகிறேன். ஸ்பீக்கருக்குப் போவது முன்னும் பின்னும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை ஆடும் மின்சாரம். அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் அதற்கென்ன? வலைக் கவசம் போட்டு அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்த சிக்னல் கேபிளில் அம்புக்கு அர்த்தம் உண்டு. ஸ்பீக்கர் வயரில் அது வெறும் கோலம்.

நிற்க. கம்பி எதையுமே செய்யாது என்று நான் சொல்லவில்லை. எங்கே செய்யும் என்று தெரியாதவன்தான் எல்லா இடத்திலும் செய்யும் என்பான். 1858இல் அயர்லாந்திலிருந்து கனடாப் பக்கம் நியூபவுண்ட்லாந்துக்கு அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கேபிள் போட்டார்கள். விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆயிற்று. காரணம் இதே மின்தேக்குத் திறன்தான். நீண்ட கடலடிக் கேபிள் ஒரு பெரிய தொட்டி மாதிரி, நிரம்பி வடிந்தால்தான் அடுத்த எழுத்து. கெல்வின் பிரபு என்று பின்னாளில் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் முன்கூட்டியே கணக்குப் போட்டு எச்சரித்திருந்தார். நீளம் இரட்டித்தால் தாமதம் நான்கு மடங்கு என்றார். மின்பொறியாளராக இருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ், தொழிலால் வைத்தியர், கணக்கை ஏளனம் செய்தார். செய்தி மெதுவாகப் போகிறதே என்று 2000 வோல்ட் அளவுக்கு ஏற்றினார். கேபிள் சில வாரங்களில் செத்தது. தாம்சன் சொன்னபடி நல்ல செம்பும் கனமான கம்பியும் போட்டு 1866இல்தான் நிலைத்தது. நம் கடலுக்கு அடியிலும் அந்தக் காலத்தில் இலங்கைக்குத் தந்திக் கேபிள் கிடந்தது. ஆயிரம் மைலுக்குமேல் நீளம் என்றால் கேபிள் ராஜா. மூன்று மீட்டருக்கு அதே மரியாதையைக் கேட்பது, வாய்க்கால் தாண்டக் கப்பல் டிக்கெட் வாங்குவது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஊர் மைக் செட்காரர்களைக் கேளுங்கள். அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கும் அம்மன் கோயில் முளைப்பாரிக்கும் தெருக்கோடி வரை குழாய் கட்டியவர்கள் அவர்கள். இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டிய குழாய்க்கு ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்தால், போக வர நானூறு மீட்டர், தடை சுமார் 7 ஓம். அதில் 8 ஓம் குழாயை நேரே மாட்டினால் கம்பியும் குழாயும் சக்தியைச் சரிபாதி பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் அவர்கள் நேரே மாட்டுவதில்லை. 100 வோல்ட் லைன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆம்ப்ளிபயரிலேயே வோல்டேஜை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் சிறிய டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்குவார்கள். மொத்தம் நூறு வாட் குழாய்கள் என்றால் அந்த லைனுக்கு அது 100 ஓம் சுமை. கம்பியின் 7 ஓம் அதற்கு முன்னால் சின்ன சுங்கம். மின்வாரியம் உயர் அழுத்தத்தில் மின்சாரம் கொண்டுவரும் அதே தந்திரம்தான்.

பழைய ஹை இம்பிடன்ஸ் மைக்கிலும் கேபிள் உண்மையிலேயே சத்தத்தைக் கெடுக்கும். 50,000 ஓம் மைக்குக்குப் பத்து மீட்டர் கேபிள் போட்டால் 3000 ஹெர்ட்ஸ் தாண்டியதெல்லாம் தேய ஆரம்பிக்கும். "ச"வும் "ஸ"வும் வாழ்வது அதற்கு மேலேதான். சாமியார் பிரசங்கம் கம்பளிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும். மைக் செட்காரர்கள் லோ இம்பிடன்ஸ் மைக்குக்கு மாறினார்கள், கோளாறு தீர்ந்தது. பதினாலாயிரம் ரூபாய்க் கேபிள் யாரும் வாங்கவில்லை.

இன்னும் இசைத்தட்டு போட்டுக் கேட்கும் அன்பர்கள் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. காந்த முள் உள்ள ரெக்கார்ட் பிளேயருக்கு இத்தனை பிக்கோஃபாரட் வேண்டும் என்று முள் செய்தவரே சொல்லியிருப்பார். கேபிளின் மின்தேக்குத் திறனும் அந்தக் கணக்கில் சேரும். அரை ஹென்றிச் சுருள் உள்ள முள்ளுக்கு 200 பிக்கோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 16,000 ஹெர்ட்ஸ் பக்கம். அதுவே 400 என்றால் 11,000 பக்கம் இறங்கிவிடும். காது நன்றாக இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும். இங்கேயும் தேவை பொருத்தமான கேபிள், விலை உயர்ந்த கேபிள் அல்ல.

நம் தீவில் கம்பியால் வரும் உண்மையான தொல்லை வேறு. அதைக் கடைக்காரர் சொல்லவே இல்லை. உப்பு.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை நூறு வருடத்துக்கு மேல் பெயின்ட் அடித்து அடித்தே காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்ற தனிப் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க நம் மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது என்றால் காரணம் இல்லாமலா? பாலத்தையே தின்னும் காற்று உங்கள் வீட்டு ஸ்பீக்கர் முனையில் முறுக்கி விட்ட செம்பு இழையை மட்டும் விட்டுவிடுமா? ஆறு மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும். தொடும் இடத்தில் தடை கூடும், கரகரப்பு வரும், ஒரு பக்கம் சத்தம் வந்து வந்து போகும். ஸ்பீக்கரைத் தட்டினால் சரியாகும், மறுநாள் மறுபடி படுக்கும். உடனே "கேபிள் போச்சு" என்று தீர்ப்பு. கேபிள் போகவில்லை ஐயா, முனை போயிற்று. ஒரு அங்குலம் வெட்டி, புது இழையைச் சீவி, ஈயம் வைத்து, திருகாணியை இறுக்கி, மேலே லேசாக வாசலின் தடவுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள். செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

இன்னொன்று, திருட்டு வயர். செம்பு மாதிரி மின்னும், உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு மட்டும். அதே கனத்துக்குத் தடை ஒன்றரை மடங்குக்கு அருகில் வரும். நம் காற்றில் வெட்டிய முனை வெள்ளைப் பொடியாக உதிரும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். கையில் எடுத்தாலே கனம் இல்லாமல் இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியோடு இலவசமாக வரும் தலைமுடிக் கம்பியும் உதவாது. கால் சதுர மில்லிமீட்டர் கம்பி ஐந்து மீட்டர் தூரத்துக்கு 0.7 ஓம் வரை காட்டும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது போனால் ஏழில் ஒரு பங்கு சக்தி வழியிலேயே போய்விடும். ஸ்பீக்கரின் ஓம் எல்லாச் சுருதிக்கும் ஒன்றாக இருப்பதில்லை. அதனால் சத்தம் குறைவதோடு குரலின் சாயலும் மாறும். இங்கே கேபிளை மாற்றுங்கள் என்று நானே சொல்வேன். மீட்டர் நூறு ரூபாய்க்குள் முடியும்.

"எல்லாம் சரி, ஆனால் எனக்கு வித்தியாசம் கேட்டதே" என்பார்கள். கேட்டிருக்கும், பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சில் போர்தோ நகரத்தில் வைன் கலை படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை வைனில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் சிவப்பு வைனுக்கு எழுதும் வார்த்தைகளையே எழுதினார்கள். அதே தொழிலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகள்! கண் சொன்னதை மூக்கு நம்பியது. பதினாலாயிரம் கொடுத்தவனின் காது பர்ஸ் சொல்வதை நம்பாதா?

கண்ணை மறைத்துவிட்டால் கதை மாறும். அமெரிக்காவில் 1983இல் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை எந்தக் கேபிள் என்று சொல்லாமல் கேட்க வைத்துப் பார்த்தது. மிக மெல்லிய கம்பி அகப்பட்டது. சாதாரணக் கனமான விளக்கு வயரையும் விலை உயர்ந்த கேபிளையும் பாட்டில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலே நான் போட்ட கணக்கு சொல்வதும் இதைத்தான். 2007இல் ஜேம்ஸ் ராண்டி என்பவர், பன்னிரண்டு அடி 7,250 டாலர் விலையுள்ள கேபிளை நல்ல சாதாரணக் கேபிளிலிருந்து கண்ணை மறைத்துக் கண்டுபிடித்தால் பத்து லட்சம் டாலர் என்று பந்தயம் கட்டினார். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. பத்து லட்சம் டாலரை யாராவது வேண்டாம் என்பார்களா?

வீட்டிலேயே செய்யலாம். பேரனை ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார வைத்து, நாணயம் சுண்டி, தலை விழுந்தால் பழைய கம்பி, பூ விழுந்தால் புதுக் கம்பி என்று மாட்டச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பி உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். இருபது தடவை. பத்துக்குப் பக்கத்தில் சரியாக இருந்தால் உங்கள் காதும் நாணயமும் ஒன்று. கடைக்காரரிடம் வாங்குவதற்கு முன்னாலேயே இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது அந்தப் பதினாலாயிரத்துக்காக மட்டும் இல்லை. அந்த நண்பர் முப்பது வருடம் டீசல் என்ஜினுக்கு ஒரு முழ தூரத்தில் நின்றவர். அப்படிப்பட்ட சத்தத்தில் வருடக்கணக்கில் இருந்தவர்களுக்கு முதலில் அடிவாங்குவது 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். வயது அதற்கு மேலேயிருந்து உச்ச ஒலிகளை உதிர்த்துக்கொண்டே வரும். எழுபது தாண்டிய நம்மில் பெரும்பாலோருக்கு 10,000க்கு மேல் ஒன்றும் எட்டாது. உயிரெழுத்து கேட்கும், சத்தம் கேட்கும். க, ச, த பிரியாது. "மந்தமா இருக்கு, வார்த்தை தெரியலை" என்று அவர் கடையில் போய்ச் சொன்னது கேபிளின் குறை அல்ல, காதின் குறை. அவரிடம் வீட்டில் பேசினால் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. போனில் பேரப்பிள்ளை பேசினால் மருமகளிடம் கொடுத்துவிடுகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். அந்தக் கேபிளைச் சுற்றியே ஒரு மாதம் போயிற்று. காது டாக்டரிடம் போகும் யோசனை அந்த மாதத்தில் யாருக்கும் வரவில்லை. ஏமாற்றியதிலேயே பெரிய ஏமாற்று இதுதான். பணம் எடுத்தது மட்டுமல்ல, கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று நம்ப வைத்துவிட்டார்கள்.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். பாட்டு மந்தமாகக் கேட்டால் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போங்கள். சில பேருக்குக் குறும்பி எடுத்தாலே பாதி சரியாகும். செவித்திறன் பரிசோதனை என்பது காதில் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துவதுதான். வலிக்காது. காதுக்கருவி வேண்டும் என்று சொன்னால் வெட்கப்படாதீர்கள், கண்ணாடி போட வெட்கப்பட்டோமா? அடுத்து முனைகளின் களிம்பைப் பாருங்கள். அதற்கடுத்து ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, உட்காரும்போது காதின் உயரத்துக்கு வரும்படி வையுங்கள். மொட்டைச் சுவராக இருந்தால் எதிரே ஒரு கனத்த திரை தொங்கவிடுங்கள். அறை செய்கிற வித்தியாசத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கம்பி செய்யாது. இத்தனையும் செய்த பிறகு மிச்சம் காசு இருந்தால் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள்.

இலங்கை வானொலியை மத்திய அலையில், இரைச்சலுக்கு நடுவில், ஒரே ஒரு ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்த ஜனங்கள் நாம். மயில்வாகனம் பேசினால் இந்தக் கரை முழுக்க நின்று கேட்கும். அந்தப் பெட்டிக்குள் இருந்ததும் சாதாரணச் செம்பு வயர்தான். அப்போது எல்லா வார்த்தையும் புரிந்தது, ஏனென்றால் காது இருபது வயதுக் காது.

அந்த நண்பரை வருகிற செவ்வாய்க்கிழமை ராமநாதபுரம் அழைத்துப் போகிறேன். டாக்டரிடம் டோக்கன் போட்டாயிற்று. பஸ்ஸில் இடம் இருக்கிறது, வேறு யாராவது வருவதாக இருந்தால் முன்னதாகச் சொல்லுங்கள்.